ஈரக் காற்றில் வண்டி நன்றாக இழுக்குமா?

மே 4, இரவு 9.12. தேவகோட்டையிலிருந்து ஒரு கேள்வி

நேற்று கோடை மழை பெய்து ஓய்ந்ததும் என் யமஹா ஆர்எக்ஸ் 135 பைக்கை எடுத்தேன். மதியம் சோர்ந்து கிடந்த வண்டி, மழைக்குப் பிறகு கைக்கு அடங்கவில்லை. ஈரக் காற்று கனமான காற்று, கனமான காற்றில் ஆக்சிஜன் அதிகம், அதனால்தான் இந்த இழுப்பு என்கிறேன். டிராக் ரேஸ் (நேர்கோட்டில் 402 மீட்டர் ஓடும் பந்தயம்) எல்லாவற்றையும் ஐப்பசியில் வைத்தால் எல்லோருக்கும் நேரம் குறையும். நண்பர்கள் நம்ப மாட்டேன் என்கிறார்கள். தீர்ப்புச் சொல்லுங்கள்.

மே 4, இரவு 10.05. காரைக்குடியிலிருந்து பதில்

வண்டி இழுத்தது உண்மையாக இருக்கும். காரணம்தான் தலைகீழ்.

ஈரக் காற்று உலர்ந்த காற்றைவிட லேசு. நீராவி மூலக்கூறின் எடை 18. நைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த உலர்ந்த காற்றின் சராசரி எடை 29. அழுத்தமும் வெப்பமும் மாறாத வரை ஒரு குடத்துக்குள் அடங்கும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை மாறாது. காரைக்குடி டவுன் பஸ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்: 18 கிலோ பையன் ஏறி உட்கார வேண்டுமென்றால் 29 கிலோ பையன் இறங்க வேண்டும். பஸ் லேசாகும். இறங்கியவர்களில் ஐந்தில் ஒருவன் ஆக்சிஜன்.

புழுக்கத்தில் கனப்பது நம் உடம்பு. வியர்வை காயாததால் அப்படித் தோன்றுகிறது. எனக்கே 30 வயது வரை இந்த உண்மை தெரியாது, அதனால் தம்பியைக் கேலி செய்யவில்லை.

மே 4, இரவு 10.50

அப்படியானால் ஏன் இழுத்தது என்று கேட்பீர்கள். குளிர்ச்சிதான்.

மதியம் 39 டிகிரி என்று கொள்வோம். மழைக்குப் பின் 26. அழுத்தம் 1000 மில்லிபார். காற்றில் உள்ள ஈரத்தையெல்லாம் கழித்துவிட்டு உலர்ந்த காற்று மட்டும் ஒரு கன மீட்டருக்கு எவ்வளவு என்று பார்த்தால், மதியம் சுமார் 1.086 கிலோ, மழைக்குப் பின் சுமார் 1.130 கிலோ. 4 சதவீதம் கூடுதல். அதே 26 டிகிரியில் காற்று முழுக்க வறண்டும் இருந்திருந்தால் இன்னும் மூன்று சதவீதம் கிடைத்திருக்கும். அதாவது மழை குளிர்ச்சியைக் கொடுத்தது, ஈரம் அதில் கொஞ்சம் கமிஷன் அடித்துக்கொண்டது. நீங்கள் கமிஷன் வாங்கியவனுக்கு மாலை போடுகிறீர்கள்.

மே 5, காலை 7.20

இதை எழுதிவிட்டுக் காலையில் கானாடுகாத்தானில் ஒரு ஆச்சி வீட்டுக்கு மோட்டார் பழுது பார்க்கப் போனேன். அடுக்களையில் உப்பு ஜாடியைத் திறந்து பார்த்துவிட்டு, "உப்புக் கசியுது, இன்னைக்கும் மழை உண்டு, வத்தல் போட முடியாது" என்றார்கள். பந்தயக்காரர்கள் ஈரமானி வாங்கக் கொடுக்கும் காசை மிச்சப்படுத்த ஒரு உப்பு ஜாடி போதும். சதவீதம் மட்டும் சொல்லாது.

மே 5, இரவு 9.30

நேற்று எழுதியதில் ஒன்றை அழுத்திச் சொல்ல மறந்தேன். புதுக்கோட்டை நண்பர் கேட்ட பிறகுதான் உறைத்தது. "30 டிகிரியில் ஈரம் நூறு சதவீதமானாலும் அடர்த்தி ஒன்றரை சதவீதம்தானே குறைகிறது, இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு?" என்றார்.

மொத்த அடர்த்தி அவ்வளவுதான் குறையும், சரி. ஆனால் எஞ்சினுக்கு வேண்டியது மொத்தக் காற்று இல்லை, ஆக்சிஜன். 30 டிகிரியில் முழு ஈரத்தின் ஆவி அழுத்தம் 42 மில்லிபார். 1000-த்தில் 42 என்றால் நான்கு சதவீதத்துக்கும் மேலான இடத்தை நீராவி பிடித்துக்கொண்டது. நீராவிக்கும் எடை இருப்பதால் தராசு ஒன்றரை சதவீதம் குறைவு என்கிறது. ஆக்சிஜனோ நான்கு சதவீதம் குறைந்துவிட்டது. அதனால்தான் விவரம் தெரிந்த ரேஸ்காரர்கள் அடர்த்தியோடு நிறுத்தாமல் காற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைத் தனியாகக் குறித்துவைக்கிறார்கள்.

மே 9, மாலை 4.15

கடை வாசலில் 40 டிகிரி. வேலை ஓடவில்லை, கணக்குப் போட்டேன்.

15 டிகிரி, 1013 மில்லிபார், உலர்ந்த காற்று என்றால் ஒரு கன மீட்டர் 1.225 கிலோ. இதுதான் விமானக்காரர்கள் வைத்திருக்கும் படிக்கல். இப்போது இங்கே இருக்கும் காற்று எந்த உயரத்துக் காற்றுக்குச் சமம் என்று பார்த்தால் சுமார் 1000 மீட்டர் வருகிறது. 70 கொண்டை ஊசி வளைவு ஏறாமலே நான் கொல்லிமலையில் நிற்கிறேன். குளிர் மட்டும் வரவில்லை.

மே 9, இரவு 11.00

தப்பு. போனில் காட்டிய அழுத்தத்தை அப்படியே போட்டுவிட்டேன். போன் காட்டுவது கடல்மட்டத்துக்கு மாற்றிய அழுத்தம். வானிலைக்காரர்கள் ஊருக்கு ஊர் ஒப்பிட வசதியாக அப்படிச் செய்கிறார்கள். எஞ்சின் மூச்சு விடுவது கடையில் இருக்கும் நிஜ அழுத்தத்தில். காரைக்குடி கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 80 மீட்டர். எட்டே கால் மீட்டருக்கு ஒரு மில்லிபார் என்றால் கிட்டத்தட்ட 10 மில்லிபார் கழிக்க வேண்டும். கழித்தால் 1100 மீட்டரை ஒட்டி வருகிறது. கொல்லிமலையில் இன்னும் கொஞ்சம் ஏறிவிட்டேன்.

காரைக்குடிக்கு இது ஒரு சதவீதச் சமாச்சாரம். ஆனால் கோயம்புத்தூர் 400 மீட்டருக்கு மேல். அங்கே போன் எண்ணை நம்பி ஜெட் (கார்ப்ரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளை) போட்டால் கதை வேறு.

மே 17, இரவு 10.30

போன் வேண்டாம் என்று முடிவு செய்து, முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளைச் சுற்றினேன். மரச் சட்டத்தில் பித்தளை வளையம் போட்ட வட்ட பாரோமீட்டர் ஒன்று கிடைத்தது. பர்மாவிலிருந்து வந்தது என்றார் கடைக்காரர். அந்தத் தெருவில் எல்லாமே பர்மாவிலிருந்து வந்ததுதான், பீங்கான் கோப்பை முதல் தேக்குத் தூண் வரை. பேரம் பேசியதைச் சொல்ல மாட்டேன், வீட்டில் படிக்கிறார்கள்.

ஒரு வாரமாகப் பார்க்கிறேன். தினமும் மாலை நான்கு மணிக்கு முள் இறங்குகிறது. முதல் நாள் புயல் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் கருவி கெட்டுவிட்டது என்று கடைக்காரரைத் திட்டினேன், மனதுக்குள். மூன்றாம் நாள்தான் பிடிபட்டது. கடலில் ஏற்ற இறக்கம் போலக் காற்றிலும் உண்டு. நம் மாதிரி வெப்ப நாடுகளில் தினமும் காலை பத்து, இரவு பத்து வாக்கில் அழுத்தம் ஏறும். மாலை நான்கு, விடிகாலை நான்கு வாக்கில் இறங்கும். உச்சிக்கும் அடிக்கும் மூன்று நான்கு மில்லிபார் வித்தியாசம். குளிர் நாடுகளில் இது அவ்வளவு தெரியாது, அங்கே மாறி மாறி வரும் வானிலையில் அமுங்கிப் போகும்.

ஆக மாலை நான்கு மணி நமக்கு இரட்டை நஷ்டம், சூடும் இருக்கிறது, அழுத்தமும் அடியில். காலை ஏழு எட்டு மணி நல்ல நேரம்: சூடு இன்னும் ஏறவில்லை, அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது. பஞ்சாங்கம் பார்க்காமலே சொல்கிறேன்.

மே 18, காலை 6.10

ரொம்ப உற்சாகப்பட்டுவிட்டேன். மூன்று மில்லிபார் என்பது 0.3 சதவீதம். வெப்பம் ஒரு டிகிரி மாறினாலே அதே அளவு மாறும். பாரோமீட்டர் அழகாக இருக்கிறது, அது போதும்.

ஜூன் 2, இரவு 9.45

தேவகோட்டைத் தம்பி தனியாகக் கேட்டிருக்கிறார்: "அடர்த்தி கூடினால் நல்லதுதானே, இதில் என்ன பயம்?" பயம் உண்டு. சொல்கிறேன்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னால், சென்னைப் பக்கம் ஒரு ஓடுதளத்தில் மார்கழி விடியலில் பயிற்சி ஓட்டம். சித்திரை வெயிலில் ஜெட் பார்த்து, ஸ்பார்க் பிளக் காப்பிப்பொடி நிறத்தில் வந்ததும், அதாவது கலவை சரி என்று தெரிந்ததும், திருப்தியாக மூடி வைத்த வண்டி. கை வைக்கவே இல்லை. முதல் ஓட்டம் அப்படி ஒரு இழுப்பு. ஐந்தாவது கியரில் சத்தம் கணீரென்று மெலிந்தது. அந்தச் சத்தம் கேட்டதும் கையை விட்டிருக்க வேண்டும். எனக்கு அது சங்கீதமாகக் கேட்டது. 300 மீட்டர் தாண்டியதும் பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. கிளட்சைப் பிடித்ததால் விழாமல் தப்பினேன். பிஸ்டன் சீஸ், அதாவது சிலிண்டருக்குள் இறுகிச் சிக்கிவிட்டது. போர், அதாவது சிலிண்டரின் உள்சுவர், முழுக்கக் கோடு.

நடந்தது இதுதான். காற்று அடர்ந்துவிட்டது, ஜெட் அதே ஜெட். பெட்ரோல் பற்றாக்குறை. டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு சேர்ந்துதான் ஆயிலும் வருகிறது என்றால் இரண்டும் குறையும். பெட்ரோல் குறைந்த கலவை சூடாக எரியும், அலுமினியம் பிஸ்டன் விரியும், போரைக் கவ்விப் பிடிக்கும். ஓடுதளத்தில் இருந்த ஆட்கள் எல்லோரும் வேறு வேறு காரணம் சொன்னார்கள். ஆயில் சரியில்லை, ரீபோர் இறுக்கம், கண் திருஷ்டி. காற்று என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை, நான் உட்பட.

மழைக்குப் பிறகு தம்பியின் வண்டி இழுத்ததற்கு இன்னொரு பாதியும் இங்கே இருக்கிறது. மதியம் காற்று மெலிந்து கலவையில் பெட்ரோல் அதிகமாகி மூச்சுத் திணறியிருக்கும். குளிர்ந்ததும் கலவை தானாகச் சரியாகியிருக்கும். அப்படியானால் உங்கள் ஜெட் மதியத்துக்குப் பெரிது. பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், கரி படிந்திருந்தால் நான் சொன்னது சரி.

கணக்கு: மே மதியத்துக்கும் மார்கழி விடியலுக்கும் உலர்ந்த காற்றில் 8 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான வித்தியாசம். பெட்ரோலும் 8 சதவீதம் கூட்ட வேண்டும்.

ஜூன் 3, இரவு 10.20

மேலே கடைசி வரியை அடித்துவிடுங்கள். 8 இல்லை, அதில் பாதி.

கோட்டையூர் அண்ணன் போன் செய்து பிடித்துக் கொடுத்தார். அவர் கேட்டது ஒரே கேள்வி: "காற்று அடர்ந்தால் கார்ப்ரேட்டர் குழாயில் உறிஞ்சலும் கூடாதா?" கூடும். அடர்ந்த காற்று அதே வேகத்தில் போனால் பெட்ரோலை இன்னும் பலமாக இழுக்கும். ஆனால் ஜெட் வழியாக வரும் பெட்ரோல் அந்த இழுப்பின் வர்க்கமூலத்துக்குத் தக்கபடிதான் கூடும். காற்று 8 சதவீதம் கூடினால் பெட்ரோல் தானாகவே 4 கூடிவிடும். மீதி 4-ஐ நாம் ஜெட்டில் கொடுக்க வேண்டும். ஓட்ட அளவை எண்ணாகப் போட்ட ஜெட்டில் 100 இருந்தால் 105 பக்கம். 110 போட்டால் கரிதான்.

அன்றைக்கு நான் 4 சதவீதக் குறைவுக்கா சீஸ் ஆனேன் என்று யோசித்துப் பார்த்தேன். சித்திரையில் நான் வைத்ததே விளிம்பில் வைத்திருக்க வேண்டும். காற்றின் மேல் முழுப் பழியும் போட முடியாது.

ஜூன் 11, மாலை 6.00

கார் பற்றி யாரும் பேசவில்லையே என்று அக்கா மகன் சண்டைக்கு வந்தான். அவனிடம் டர்போ கார். "எங்களுக்குக் காற்று மெலிந்தால் கவலையில்லை மாமா, டர்போ அடித்து ஏற்றிவிடும்" என்றான். பாதி சரி. உயரத்தில் அழுத்தம் குறைந்தால் டர்போ ஓரளவு ஈடுகட்டும். சூட்டை அது ஈடுகட்டாது. காற்றை அமுக்கினாலே சூடாகும். வெளியே 40 டிகிரி என்றால், அந்தக் காற்றை ஆற்றும் இன்டர்கூலரும் 40 டிகிரிக்குக் கீழே குளிர்விக்க முடியாது. உள்ளே சூடு ஏறினால் எஞ்சின் தட்டும், கம்ப்யூட்டர் பயந்து இக்னிஷன் பொறியைத் தாமதமாக்கும், இழுப்பு போகும்.

டர்போ இல்லாத காருக்கும் பானெட்டுக்குள் சூடு பெரிய சங்கதி. வரிசையில் எஞ்சினை ஓடவிட்டு நின்றால் உள்ளே போகும் காற்று 35-லிருந்து 55 டிகிரி ஆகும். 6 சதவீதம் அங்கேயே போச்சு. வெளியே எந்த ஊர்க் காற்று இருந்தால் என்ன? பானெட்டைத் திறந்து வைத்து, எஞ்சினை அணைத்து, முறை வரும்போது கையால் தள்ளிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

அக்கா மகன் மீன் கடையில் ஐஸ் வாங்கி இன்டர்கூலர் மேல் கட்டி வைத்து ஓட்டினான். இழுத்தது. கார் ஒரு வாரம் நெத்திலிக் கருவாடு மணத்தது.

ஜூலை 28, இரவு 8.50

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது நாம் அடர்த்தியைப் பற்றி இரண்டு மாதமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

120 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிரே 20 கிலோமீட்டர் காற்று அடித்தால், வண்டிக்கு அது 140. காற்றின் தடை வேகத்தின் வர்க்கம், ஆக 36 சதவீதம் கூடும். பின்னாலிருந்து அடித்தால் 31 சதவீதம் குறையும். அடர்த்தியில் வரும் 8 சதவீதம் இதற்கு முன்னால் எங்கே?

நேற்று பக்கத்து ஊர்த் திருவிழாவில் மாட்டு வண்டிப் பந்தயம். பெரிய மாடு, நடு மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து ஓட்டினார்கள். போக வர இத்தனை மைல் என்றுதான் எல்லை. கொடியைச் சுற்றித் திரும்பி வர வேண்டும். போகும்போது காற்று எதிரே என்றால் வரும்போது பின்னால். தரைவேக உலக சாதனைக்கும் இதுதான் சட்டம்: ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுக்க வேண்டும். டிராக் ரேஸ் மட்டும் ஒரே திசையில் 402 மீட்டர். என் நோட்டில் வெப்பம், ஈரம், அழுத்தம் எல்லாம் இருக்கிறது. காற்றின் திசைக்கு ஒரு கட்டம்கூட இல்லை. ஆறு வருஷ நோட்டு.

ஜூலை 29, காலை 6.40

காற்று போக வரச் சரியாகிவிடும் என்று நான் சொன்னதாக மூன்று பேர் திருத்தியிருக்கிறார்கள். 36 ஏறி 31 இறங்கினால் எப்படிச் சரியாகும் என்கிறார்கள். முழுதாகச் சரியாகாதுதான். பெருமளவு என்று படித்துக்கொள்ளுங்கள். மாடுகளுக்கு இந்தக் குழப்பம் இல்லை.

செப்டம்பர் 14, இரவு 9.15

"அமெரிக்காவில் நைட்ரோ வண்டிகளுக்கு வானிலை உறைக்காதாமே?" என்று ஒரு கேள்வி. உறைக்கும், குறைவாக. அந்த டிராக் ரேஸ் வண்டிகளின் எரிபொருளான நைட்ரோமீத்தேன் தன் மூலக்கூறுக்குள்ளேயே ஆக்சிஜனைச் சுமந்து வருகிறது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும், நைட்ரோவுக்கு 1.7 பங்கு போதும். கட்டுச்சோறு எடுத்துப் போகிறவன் ஹோட்டலை நம்ப வேண்டியதில்லை.

இருந்தாலும் டென்வர் பக்கம் பேண்டிமியர் என்ற ஓடுதளம் இருந்தது, சுமார் 5,800 அடி உயரத்தில். கோடையில் அங்கே காற்று 8,000 அடிக்கு மேலே உள்ள காற்றைப் போல் மெலியும். நைட்ரோ வண்டிகளும் அங்கே போனால் வேகம் குறைந்துதான் ஓடின. 2023-உடன் அந்தத் தளம் மூடப்பட்டது. ஒரு தகவலுக்கு: 2008-க்குப் பிறகு அந்தப் பெரிய வண்டிகள் 402 மீட்டர் ஓடுவதில்லை, 1,000 அடிதான். அந்த வருஷம் நடந்த ஒரு மரணத்துக்குப் பிறகு எல்லையைக் குறைத்தார்கள். பழைய நேரத்தோடு ஒப்பிட்டுச் சண்டை போடுகிறவர்கள் இதைக் கவனிக்க.

டிசம்பர் 27, இரவு 10.10

ஓடுதளத்துக்குப் போய் வந்தேன். காரைக்குடியிலிருந்து ராத்திரி முழுக்க வேன். வண்டி பின்னால், பாரோமீட்டர் மடியில். சிரித்தவர்கள் பெயர் ஞாபகம் இருக்கிறது.

விடியலில் 21 டிகிரி. மார்கழிக் காற்றில் ஓசோன் இருப்பதால்தான் வண்டி இழுக்கும் என்று பக்கத்துப் பையன் வாட்ஸப் பாடம் நடத்தினான். தரைமட்ட ஓசோன் உருவாக வெயில் வேண்டும், விடிகாலையில் அது குறைவாகத்தான் இருக்கும். இருந்தாலும் கார்ப்ரேட்டருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. குளிர்ந்த காற்று, அவ்வளவுதான்.

105 ஜெட். ஆறரைக்கு முதல் ஓட்டம் கிடைத்தது. காற்று அருமை, தரை பனியில் நனைந்திருந்தது. பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. நல்ல காற்று கிடைக்கும் நேரத்தில் தரை ஈரம், தரை சூடாகிப் பிடிக்கும் நேரத்தில் காற்று மெலிகிறது. ஏழரை வரை காத்திருந்தேன்.

அப்புறம் நான்கு ஓட்டம், விநாடிகளில்: 15.71, 15.65, 16.02, 15.68. மே மாதம் இதே இடத்தில் 15.90. கால் விநாடி காற்று கொடுத்தது. சூத்திரப்படி சக்தி 8 சதவீதம் கூடினால் நேரம் இரண்டரை சதவீதம் குறைய வேண்டும், 0.40 விநாடி. மீதி எங்கே போனது? அடர்ந்த காற்று எஞ்சினுக்குக் கொடுப்பதை நெஞ்சில் மோதித் திரும்பப் பிடுங்குகிறது. கடைசி நூறு மீட்டரில் அது தெரிகிறது. உச்ச வேகம் கோடையிலும் மார்கழியிலும் கிட்டத்தட்ட ஒன்றேதான், அங்கே போய்ச் சேரும் நேரம்தான் மாறுகிறது.

டிசம்பர் 28, காலை 7.00

16.02-க்கு என்ன காரணம் என்று நான்கு பேர் கேட்டிருக்கிறார்கள். ஈரமா, அழுத்தமா, காற்றின் திசையா என்று. திசைக்குக் கட்டம் போட்டுவிட்டேன், அன்று காற்றே அசையவில்லை. கிளட்சை முன்னதாக விட்டுவிட்டேன். எட்டு மாதம் வானத்தைக் கணக்குப் பார்த்துச் சம்பாதித்ததைவிட அதிகத்தை இடது கை ஒரே நொடியில் செலவழித்தது.

பிளக் காப்பிப்பொடி நிறம். படம் எடுக்க மறந்துவிட்டேன். கழற்றும்போது 105 ஜெட்டின் மரை கொஞ்சம் தேய்ந்துவிட்டது, மாற்று ஜெட் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். தை பிறப்பதற்குள் வேண்டும்.